முருகன் முகம் தெரிந்தால் காயில் போச்சு

பிளக்கைச் செருகும் முன் நஞ்சப்பன் மிஷினை மோந்து பார்ப்பார். கட்டர், டிரில்லிங் மிஷின், இழைப்பு மிஷின், எது வந்தாலும் முதலில் அதன் காற்றுத் துளைகளில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, நீளமாக ஒரு இழுப்பு. பிறகு கொண்டுவந்தவரை ஏற இறங்கப் பார்ப்பார். "கீழ போட்டீங்களா?" என்பார். இல்லை என்பார்கள். "மழையில நனைஞ்சுதா?" அதுவும் இல்லை என்பார்கள். "அப்ப நல்லாத்தான் இருக்குது. எடுத்துட்டுப் போங்க" என்று மிஷினைத் திருப்பி நீட்டுவார். அதற்குப் பிறகுதான் உண்மை வெளியே வரும். சாரத்திலிருந்து விழுந்தது, சிமெண்ட் தண்ணீரில் ஊறியது, மச்சான் இரவல் வாங்கிப் போய் எதையோ அறுத்தது எல்லாம் வரிசையாக வரும். போலீஸ் ஸ்டேஷனில்கூட இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அதியமான்கோட்டை சர்வீஸ் ரோட்டில் என் பெயிண்ட், ஹார்டுவேர் கடைக்கும் அவருடைய பட்டறைக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான் இருக்கிறது. சுவர் என்று சொன்னால் சுவருக்குக் கோபம் வரும். அந்தப் பக்கம் அவர் தும்மினால் இந்தப் பக்கம் என் எனாமல் டப்பாக்கள் அதிரும். ஆகையால் அவரைப் பற்றி நான் எழுதுவதற்குத் தனியாக ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. காது இரண்டும் வேலை செய்தால் போதும்.

தன் தொழிலைப் பற்றி அவருக்கு அடக்கமான அபிப்பிராயம் கிடையாது. ஓசூர் முதல் சேலம் வரைக்கும் தன்னைப்போல் கோளாறு கண்டுபிடிக்க ஆள் இல்லை என்று சொல்வார். யாரும் கேட்காதபோதும் சொல்வார். ஆனால் கோளாறைத் தேடும் முறையில் அவசரமே இருக்காது. வெளியிலிருந்து உள்ளே போவார். முதலில் பிளக், அடுத்தது ஒயர், பிறகு சுவிட்ச், பிறகு கார்பன், கடைசியில்தான் மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றிய காயில். ஒயரைக் கைப்பிடி ஓரத்தில் மடக்கி மடக்கிப் பார்ப்பார். பாதிக் கோளாறு அங்கேதான் இருக்கும், மேலே ரப்பர் நன்றாக இருக்க உள்ளே செம்புக் கம்பி ஒடிந்திருக்கும். மிஷினை ஒயரைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு யாராவது வந்தால் அன்றைக்கு அவர்களுக்கு நேரம் சரியில்லை. "கொழந்தையக் காதப் புடிச்சுத் தூக்கறவன் எல்லாம் எங்கடைக்கு வரக்கூடாதுங்க" என்று ரோட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்.

வேலை செய்யும்போது கழற்றிய ஸ்குரூக்களை உதட்டில் கவ்விக்கொள்வது அவர் வழக்கம். கீழே வைத்தால் தொலைந்துவிடும் என்பது காரணம். மேஜைமேல் ஸ்பீக்கரிலிருந்து எடுத்த பெரிய காந்தம் ஒன்று அதற்காகவே இருக்கிறது. அதில் ஸ்குரூ ஒட்டி நான் பார்த்ததில்லை. வாய் நிறைய ஸ்குரூ இருக்கும் நேரத்தில் யார் என்ன சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும். "ம்." அதற்குச் சரி என்று அர்த்தமா, வேண்டாம் என்று அர்த்தமா, காதிலேயே விழவில்லை என்று அர்த்தமா என்பது அவரவர் சாமர்த்தியம். அவர் மனைவி அமுதவல்லி இத்தனை வருஷமாக அந்த "ம்"முடன்தான் குடும்பம் நடத்துகிறார்.

இடது புருவம் பாதிதான் இருக்கும். இளம் வயதில் ஓசூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தபோது, உள்ளே ஷார்ட் ஆகியிருந்த கட்டருக்கு நேராகக் கரண்ட் கொடுத்துவிட்டார். பளீரென்று ஒரு தீ கிளம்பியது. புருவம் போன இடத்தில் திரும்ப முளைக்கவில்லை. அதை அவர் குறையாகச் சொல்வதில்லை. "இது சர்டிபிகேட்டுங்க. பிரேம் போட்டு மாட்ட முடியாது, அதனால மூஞ்சியில வெச்சிருக்கேன்" என்பார். ஆனால் அதற்குப் பிறகு எந்த மிஷினுக்கும் அவர் நேராகக் கரண்ட் கொடுத்ததில்லை. அதற்காக வைத்திருப்பதுதான் அவருடைய சீரீஸ் பல்பு.

அது ஒன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை. கரண்டுக்கும் மிஷினுக்கும் நடுவில் ஒரு பெரிய குண்டு பல்பு இருக்கும். மிஷினின் பட்டனை அழுத்தினால் பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்க வேண்டும், மோட்டார் மெதுவாகச் சுற்ற வேண்டும். அப்படியானால் மிஷின் நல்லது. பல்பு எரியவே இல்லை என்றால் எங்கேயோ அறுந்திருக்கிறது. மங்காமல் முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், காயில் போச்சு. பல்பு குறுக்கே நிற்பதால் எதுவும் வெடிக்காது, புருவமும் பத்திரமாக இருக்கும். பழைய மெக்கானிக்குகள் எல்லாரும் செய்வதுதான் இது.

நஞ்சப்பன் செய்வதில் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. அவர் பல்பைப் பார்க்க மாட்டார். ஒருமுறை மேலேயிருந்து ஸ்பேனர் விழுந்து பல்பு உடைந்து கண்ணாடித்தூள் தலையெல்லாம் கொட்டியதால், பல்பைச் சுவரின் உச்சியில் பாதி வெட்டிய எண்ணெய் டப்பாவுக்குள் மாட்டிவிட்டார். டப்பாவின் வாய் எதிர்ச் சுவரைப் பார்த்திருக்கும். எதிர்ச் சுவரில் ஒரு முருகன் காலண்டர். வெயில் உள்ளே வராமலிருக்க யாரோ வீட்டுக் காதுகுத்து ஃபிளக்ஸைத் திரைபோலத் தொங்கவிட்டிருப்பார். அந்த இருட்டில் பட்டனை அழுத்திவிட்டு, காலண்டரைத்தான் பார்ப்பார். வெளிச்சம் மங்கினால் ஜிகினாவில் அச்சடித்த வேல் மட்டும் மினுங்கும். முழு வெளிச்சம் நின்றால் முருகன் முகமே தெரியும். "வேலு தெரிஞ்சா மிசினு பொழைக்கும். மொகம் தெரிஞ்சா காயில் போச்சு" என்பது அவருடைய தீர்ப்புச் சட்டம். மல்டிமீட்டர் வாங்கச் சொன்னதற்கு, "அதுல நம்பருதான் தெரியும், சாமியா தெரியும்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

குண்டு பல்புகள் கடைகளுக்கு வருவது குறைந்தபோது, கடைசியாக வந்த பெட்டியிலிருந்து சிலவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. "என்னுது போவாதுங்க. ஓடற மிசினு மாதிரியா அது, சும்மா நிக்கற பல்பு" என்றார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. வாராவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அமுதவல்லி வந்து பட்டறையைப் பெருக்கி, சாமிக்கு ஊதுவத்தி கொளுத்துவார். அன்றைக்கு ஒட்டடையும் அடித்தார். நஞ்சப்பன் வாயில் ஸ்குரூக்களோடு ஒரு கட்டரில் மூழ்கியிருந்தார். தகரத்துக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"நல்லம்பள்ளியில எங்கண்ணன் பேத்திக்கு பேரு வெக்கறாங்களாம். போவணுங்க."

"ம்."

"வூட்ல கேஸ் தீந்து போச்சுங்க."

"ம்."

"ஒட்டடைக் குச்சி பட்டு அந்த டப்பாவுல இருந்த பல்பு போயிருச்சு. வேற மாட்டிட்டேனுங்க."

"ம்."

மூன்றும் ஒரே நீளமுள்ள "ம்". பேர் வைக்கும் விசேஷம், கேஸ், பல்பு எல்லாம் அவருக்கு ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் எனக்கும் அன்றைக்கு அது ஒரு செய்தியாகப் படவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. கொத்தனார், ஆசாரி, எலெக்ட்ரீஷியன் எல்லாரும் வாரம் முழுக்கப் படுத்திய மிஷின்களைத் தூக்கிக்கொண்டு வருகிற நாள். காலையில் முதலில் வந்தவர் கிரானைட் பதிக்கும் ராஜப்பன் மேஸ்திரி. கட்டரின் சுவிட்ச் ஒட்டிக்கொண்டது. சுவிட்சை மாற்றிவிட்டு நஞ்சப்பன் சீரீஸ் பல்பில் போட்டார். முருகன் முகம் பளபளவென்று தெரிந்தது. மோட்டார் அசையவில்லை.

"காயில் போச்சுங்க மேஸ்திரி."

"சுவிட்சுதானே போச்சு?"

"சுவிட்சு வெளியில தெரிஞ்ச நோவு. உள்ள இருந்த நோவு இப்பத்தான் தெரியுது."

நஞ்சப்பன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மேஸ்திரி நன்றி வேறு சொல்லிவிட்டு, காயில் சுற்றிய புது ஆர்மேச்சர் வாங்கத் தர்மபுரிக்குப் பைக்கை விட்டார். அடுத்து கேமரா மாட்டிக்கொடுக்கும் கலைமதி டிரில்லிங் மிஷினோடு வந்தாள். ஒயர் ஒடிந்திருந்தது, மாற்றினார். மறுபடியும் முருகன் முகம். "காலையில ஓடுச்சு சார்" என்றாள். "சாவறதுக்கு முந்தின நாளு எல்லாருந்தான் நடமாடறாங்க" என்றார். அவள் முகம் வாடிப்போய் மிஷினை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

இதில் ஒரு விஷயத்தை அவர் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவும் செய்தார். காயில் எரிந்தால் ஒரு நாற்றம் வரும், அதை மோந்துதான் பாதி ஊரை அவர் மிரட்டி வைத்திருக்கிறார். அன்றைக்கு எந்த மிஷினிலும் அந்த நாற்றம் இல்லை. இரண்டு முறை மோந்து பார்த்தார். பிறகு தகரத்தைத் தட்டி, "ஏனுங்க, சளி மாத்திரை ஏதும் இருக்குதுங்களா? மூக்கு வேலை செய்யல" என்றார். முருகன்மேல் சந்தேகம் வரவில்லை, மூக்கின் மேல்தான் வந்தது.

பத்து மணிக்கு மேல் வத்தல்மலையிலிருந்து மாதேஸ் வந்தார். மலை பஸ்ஸில் இறங்கி, தர்மபுரியில் மாறி, இழைப்பு மிஷினைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார். ஒயரைக்கூட ஒழுங்காகச் சுருட்டிக் கட்டியிருந்தார். நஞ்சப்பனுக்கு ஆளைப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

"நேத்து சாயங்காலம் பொறி பறந்துச்சுங்கண்ணா. அப்பறம் நின்னுகிச்சு. திங்கக்கெழமை விடியக்காலம் வாசக்கால் வெக்கறாங்க. மரம் பாதி எழச்சபடி கெடக்குது."

வாசக்கால் வைப்பதென்றால் வீட்டுக்கு முதல் நிலையை நிறுத்தும் நாள். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, செய்த ஆசாரியை முன்னால் நிறுத்தி மரியாதை செய்த பிறகுதான் மற்ற வேலை. மாதேஸ் தனியாகத் தொழில் தொடங்கி எடுத்திருக்கும் முதல் வாசக்கால் அது. வீட்டுக்காரர் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் முடியாவிட்டால் தர்மபுரியிலிருந்து ரெடிமேட் நிலையை வேனில் ஏற்றிவந்து நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டாராம்.

"எழப்புளியில கையால எழச்சா முடியாதுங்களா?" என்று, மாத்திரை கொடுக்க வந்து அங்கேயே நின்றுவிட்ட நான் கேட்டேன்.

"பலா மரங்க. நான் ஒத்த ஆளு. முடியாதுங்க. கம்பெனி நெலை வந்து நின்னுச்சுன்னா, அப்பறம் மலையில ஒருத்தரும் எங்கிட்ட ஒரு ஜன்னலுக்குக்கூட வர மாட்டாங்க."

நஞ்சப்பன் மூடியைத் திறந்து பார்த்தார். "கார்பனு. குந்துங்க, ஒரு டீ குடிக்கறதுக்குள்ள தர்றேன்" என்றார். மோட்டாருக்குள் சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டுகள் அவை, பென்சில்போலத் தேய்ந்துகொண்டே வரும். தேய்ந்ததை எடுத்துப் புதியதைப் போட்டார். டீயும் வந்தது. சீரீஸ் பல்பில் போட்டுப் பட்டனை அழுத்தினார். காதுகுத்துத் திரைக்குப் பின்னால் முருகன் சிரித்த முகத்தோடு, மயில், வேல், திருநீறு எல்லாம் தெரிய நின்றார்.

மாதேஸ் சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"கும்பிடாதீங்க" என்றார் நஞ்சப்பன். "இந்தக் கடையில முருகரு மொகம் தெரியக்கூடாதுங்க."

விவரத்தைக் கேட்டு மாதேஸ் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். சண்டை போடவில்லை. எழுந்து போகவும் இல்லை. மிஷினைப் பார்ப்பார், காலண்டரைப் பார்ப்பார். "ஒருவாட்டி நேரா கரண்ட் குடுத்துப் பாத்தா ஆவாதுங்களா?" என்று மட்டும் கேட்டார். நஞ்சப்பன் பாதிப் புருவத்தைத் தொட்டுக்காட்டி, "ஆவாது" என்றார். அந்த மனிதர் அழுதிருந்தால்கூடத் தேவலாம். துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

நஞ்சப்பனும் சும்மா இருக்கவில்லை. மிஷினை முழுசாகப் பிரித்தார். காயிலைத் துடைத்தார், மோந்தார், கம்பிகளைத் தடவிப் பார்த்தார். எங்கும் கருகல் இல்லை. மறுபடி பூட்டினார், பட்டனை அழுத்தினார். முருகன் முகம். கம்பெனியைத் திட்டினார், டிரான்ஸ்பார்மரைத் திட்டினார், ரோட்டை அகலப்படுத்துகிறவர்கள் பூமிக்கடியில் எதையோ வெட்டிவிட்டார்கள் என்றார். மத்தியான மலை பஸ்ஸுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அமுதவல்லி சாப்பாட்டுக் கேரியரோடு திரையை விலக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் காலண்டரைப் பார்த்து நின்றுவிட்டார். முகமெல்லாம் மலர்ந்தது.

"பரவால்லியே, எவ்ளோ வெளிச்சம். இப்பத்தான் முருகருக்கே ஒரு களை வந்திருக்குது."

நஞ்சப்பன் விரல் பட்டனிலேயே இருந்தது. வாயில் ஸ்குரூ. "ம்?" என்றார். அந்த "ம்" கொஞ்சம் நீளமாக வந்தது.

"நம்ம வூட்டுப் பல்புதானுங்க. வேன்ல வித்தான்னு ரெண்டு வாங்கினமே, உள்ள கம்பி கம்பியா, பாக்கறதுக்கு குண்டு பல்பாட்டமே இருக்கும். அதுல ஒண்ணு. நேத்து சொன்னனே, நீங்ககூட ம்னு சொன்னீங்க."

நஞ்சப்பன் ஸ்டூலைப் போட்டு ஏறினார். இத்தனை நேரம் எரிந்த பல்பு சுடும் என்று பழைய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு டப்பாவுக்குள் கையை விட்டார். பிறகு துணியை எடுத்துவிட்டு வெறுங்கையால் தொட்டார். சுடவில்லை. எல்இடி. அதற்குச் சொட்டுக் கரண்ட் போதும். நல்ல மிஷினுக்குப் பின்னால் இருந்தாலும் முழுசாக எரியும். மிஷினுக்கோ அந்தச் சொட்டு போதாது, அசையாமல் கிடக்கும். அந்தப் பல்புக்கு முன்னால் நேற்று ஃபேக்டரியில் செய்த மிஷினை வைத்தாலும் காயில் போச்சுதான்.

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது, மாதேஸ் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"குண்டு பல்பு இருக்குதுங்களா?" என்று மேலேயிருந்தே என்னைக் கேட்டார். இல்லை. என் கடையில் மட்டுமில்லை, அந்த ரோட்டிலேயே இல்லை. குண்டு பல்புக்குப் பதிலாக இஸ்திரிப் பெட்டியைக்கூட நடுவில் போட்டுப் பார்க்கலாம், அவருக்கும் தெரியும். ஆனால் இஸ்திரிப் பெட்டி முருகனைக் காட்டாது. முருகன் சொல்லாமல் அவருக்கு நம்பிக்கை வராது. பஸ்ஸுக்கும் நேரமில்லை.

இறங்கி வந்து, மிஷினின் பிளக்கை எடுத்து நேர் பிளக் பாயிண்டின் முன்னால் பிடித்தார். கை நின்றது. ஓசூரை விட்டு வந்த பிறகு அவர் செய்யாத காரியம் அது. "எல்லாம் வெளிய போங்க" என்றார். நானும் மாதேஸும் திரைக்கு இந்தப் பக்கம் வந்தோம். அமுதவல்லி நகரவில்லை. கேரியரைக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டார். நஞ்சப்பன் பிளக்கைச் செருகினார். மிஷினைக் கைக்கெட்டிய தூரத்துக்கு நீட்டி, முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக்கிக்கொண்டு பட்டனை அழுத்தினார்.

மிஷின் கத்திக்கொண்டு ஓடியது. உள்ளே தங்கியிருந்த பலாத்தூள் மஞ்சளாகக் கிளம்பி அமுதவல்லியின் தலையிலும், கேரியரின் மேலும், முருகன் மேலும் படிந்தது. நஞ்சப்பன் கண்ணைத் திறக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார். "ஓடுதுங்க, விடுங்க" என்று அமுதவல்லி தோளைத் தொட்ட பிறகுதான் விட்டார். மாதேஸ் மிஷினை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டார். நஞ்சப்பன் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

மாதேஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதும், மேஸ்திரிக்குப் போன் போட்டார். தோல்வியை ஒப்புக்கொள்ளும் ஜாதி இல்லை அவர். "ஆர்மேச்சர் வாங்கிட்டீங்களா? எந்தக் கடையிலயும் இன்னும் கெடைக்கலீங்களா? வாங்காதீங்க, வந்துருங்க. நானே ஒரு வைத்தியம் பண்ணிப் பொழைக்க வெச்சுட்டேன்." கலைமதிக்கும் அதே வைத்தியம். அவள் வந்து மிஷினை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கை வெச்சா உயிர் வந்துடுது சார் உங்களுக்கு" என்று சொல்லிப் போனாள். அதையும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை அவர் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. மஞ்சள் பூசி, மாவிலை கட்டிய பலா வாசக்கால். பக்கத்தில் புது வேட்டியில் மாதேஸ், எதற்கோ கோபப்பட்டவர்போல விறைப்பாக நின்றிருந்தார். "நம்ம மிசினு" என்று நஞ்சப்பன் அதை டீக்கடைவரை கொண்டுபோய்க் காட்டினார். மாதேஸின் பெயரை ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

குண்டு பல்பும் வந்து சேர்ந்தது. நல்லம்பள்ளியில் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போன அமுதவல்லி, கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்ட அங்கே மாட்டியிருந்த பல்புகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி, முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தார். இப்போது முருகன் முகம் தெரிவதும் மறைவதும் பழையபடி நடக்கிறது.

இந்த வெள்ளிக்கிழமையும் அமுதவல்லி பெருக்க வந்தார். நஞ்சப்பன் யாருடையதோ கட்டரைப் பிரித்துப் போட்டு, வாய் நிறைய ஸ்குரூவோடு குனிந்திருந்தார்.

"வெங்காயம் தீந்து போச்சுங்க" என்றார் அமுதவல்லி.

நஞ்சப்பன் திருப்புளியைக் கீழே வைத்தார். உதட்டிலிருந்த ஸ்குரூக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காந்தத்தின் மேல் வைத்தார். பிறகு தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார்.